அரசங்குழி ஏற்றம்

மங்கையர்க்கரசியின் கார் முதன்முதலாக இழுக்க மறுத்தபோது பின் சீட்டில் யாரும் இல்லை. பிறகு பலமுறை அதை நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

அரசங்குழி என்ற பெயருக்கேற்ப அந்த ஊர் மலைகளுக்கு நடுவே ஒரு குழிக்குள் கிடந்தது. வெளியே போக ஒரே பாதை. குழியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக ஏறி உச்சியைத் தொட்டு, பிறகு மறுபுறம் கூடக்கரைக்கு இறங்க வேண்டும். ஆஸ்பத்திரி கூடக்கரையில் இருந்தது. அதனால் அரசங்குழியில் நோய் கண்டவர் எவரும் முதலில் மலையேற வேண்டும்.

மங்கை அந்த ஊருக்குப் பொறுப்பான கிராம சுகாதாரச் செவிலியர். அரசு கொடுத்த ஸ்கூட்டரில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை உட்காரவைத்துப் போக முடியாது என்பது வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. சொந்தமாக ஒரு சின்ன எத்தனால் கார் வாங்கினாள். மின்சார வண்டிகள் சமவெளியோடு நின்றுவிட்ட காலம் அது. மலைக்குக் கரும்புச் சாறு எரியும் எஞ்சின்தான். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் அவள் ஓட்டுவாள்.

அன்று மூன்றாவது வளைவைத் தாண்டியதும் வண்டி சோர்ந்தது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் நடைவேகத்துக்கு மேல் போகவில்லை. எஞ்சின் நிற்கவில்லை. புகை இல்லை. எந்த விளக்கும் எரியவில்லை. அரை மணி நேரத்தில் ஏறும் மலையை அவள் அன்று முற்பகல் முழுக்க ஏறினாள்.

கூடக்கரை பைபாஸில் பட்டறை வைத்திருந்த செங்கோட்டுவேலிடம் போனாள். வேலு ஆட்டோமொபைல் படித்தவன். பெரிய ஷோரூம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, டை கட்டப் பிடிக்காமல் சொந்த ஊருக்கு வந்துவிட்டவன்.

"என்னங்க சிஸ்டர் பண்ணுது?"

"பிக்கப்பே இல்லீங்க. ஏத்தத்துல அப்படியே சோந்து போயிடுது."

"சத்தம் ஏதாச்சும் வருதுங்களா? புகை?"

"ஒண்ணுமில்ல."

"சூடானதுக்கப்பறமா? எடுத்த ஒடனேயேவா? ஏசி போட்டிருந்தீங்களா?"

மங்கை சிரித்துவிட்டாள். "நான் காய்ச்சல்காரங்ககிட்ட கேக்கற மாதிரியே கேக்கறீங்க."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. எஞ்சினுக்கு நாலு விஷயம் சரியா இருந்தா போதும். காத்து உள்ள வரணும், எரிபொருள் வரணும், நேரத்துக்குப் பொறி விழணும், புகை வெளிய போகணும். இந்த நாலுல எது மக்கர் பண்ணாலும் இழுக்காது. ஒண்ணொண்ணா பாத்தரலாம்."

பார்த்தான். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. காற்றுக் குழாயில் எங்கும் விரிசல் இல்லை. பம்பின் அழுத்தம் சரி. பிளக்குகள் நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தன. சைலன்சரில் அடைப்பு இல்லை. ஃபியூயல் ஃபில்டரில் மட்டும் கொஞ்சம் கசடு படிந்திருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்ட நிம்மதியோடு அதை மாற்றினான். பைபாஸில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி பறந்தது.

அடுத்த வாரம் அரசங்குழியில் குப்பன் என்பவனைப் பாம்பு கடித்தது.

மிளகுக் கொடிக்குக் கீழே, கணுக்காலில். மங்கை போய்ச் சேர்ந்தபோது முழங்கால் வரை வீங்கியிருந்தது. காரில் ஏற்றிக் கிளம்பினாள். அதே மூன்றாவது வளைவு. அதே சோர்வு. கூட வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். சேதி தெரிந்து ஊரிலிருந்து இன்னும் சிலர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். உச்சிவரை ஆட்களே அந்த வண்டியை ஏற்றினார்கள் என்று சொல்ல வேண்டும். குப்பன் பிழைத்துக்கொண்டான். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாமே என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மங்கை பட்டறைக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் வேலுவைச் சுட்டது. கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு எழுந்தான்.

"நான் பைபாஸ்ல ஓட்டிப் பாத்துட்டு அனுப்பிச்சது தப்புங்க சிஸ்டர். வியாதி மலையில வருதுன்னா மலையிலதான் பாக்கணும். வாங்க, போலாம்."

குழிக்குள் இறங்கும்போது வண்டி வழக்கம்போல இருந்தது. திரும்பி ஏறும்போது வேலு எஞ்சினைப் படிக்கும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டான். மூன்றாவது வளைவு வந்ததும் திரையைக் கூர்ந்து பார்த்தான்.

"முழுசா மிதிங்க."

"முழுசாத்தான் மிதிக்கறேன்."

"நீங்க முழுசா மிதிக்கறது அதுக்குத் தெரியுது. ஆனா காத்து வர்ற வழிய பாதிதான் தொறக்குது." வேலு நெற்றியைச் சொறிந்தான். "எஞ்சினுக்கு ஒண்ணுமே இல்லீங்க. வேணும்னே கொடுக்காம வெச்சிருக்கு."

இருவரும் ஊருக்குத் திரும்பி விசாரித்தார்கள். வெள்ளையன் என்ற மிளகு விவசாயிதான் வாய் திறந்தார்.

"உங்க வண்டி மட்டும்னா நெனச்சீங்க சிஸ்டர்? பால் வேன் ஏன் நின்னுச்சு? மினி பஸ் ஏன் உச்சியோட திரும்புது? பலாப்பழ யாவாரி எல்லாம் இப்ப உச்சிக்குத் தூக்கிட்டு வரச் சொல்றான். ஆம்புலன்சும் அங்கதான் நிக்குது. இங்க காத்து சரியில்லங்கறான் ஒருத்தன். சாமி குத்தம்னு ஒரு கெடா வெட்டி ஆச்சு."

"இழுக்கற வண்டி ஒண்ணுகூட இல்லீங்களா?" என்று வேலு கேட்டான்.

"என் ஜீப்பு இழுக்கும். ஒரு நாள் கிளம்புனா நாலு நாள் கிளம்பாது."

அது மிகப் பழைய டீசல் ஜீப். வேலு அதைத் தள்ளிக் கிளப்பி, கரும்புகை கக்க ஏற்றத்தில் ஓட்டினான். மூன்றாவது வளைவு, நான்காவது, ஐந்தாவது. கதவுகள் கடகடத்தன. ஆனால் இழுவையில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து இறங்கியவனின் முகம் மாறியிருந்தது.

"இதுல பாடம் கிடையாது," என்றான். "அதான் ஏறுது."

புதிய வண்டிகளுக்குப் பாடம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வண்டி ஓரிடத்தில் படும் சிரமத்தை மற்ற வண்டிகளுக்குச் சொல்லிவிடும். ஒரு பாலத்தில் வழுக்கினால் அடுத்து வருகிறவை அங்கே தாமாகவே நிதானிக்கும். அது வந்த பிறகு விபத்துகள் குறைந்தன, எஞ்சின்கள் நெடுநாள் உழைத்தன. யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பாடங்களைப் பராமரிக்கும் மையத்தில் வேலுவோடு படித்த நிரஞ்சனா வேலை பார்த்தாள். மறுநாள் காலை பட்டறையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். ஃபோன் திரையில் கண்ணாடி போட்ட, தூக்கம் குறைந்த முகம் தெரிந்தது. வேலு இடத்தைச் சொன்னான். அவள் தேடிப் பார்த்தாள்.

"ஆமா வேலு, அங்க ஒரு பாடம் இருக்கு. மூணாவது வளைவுலேர்ந்து உச்சி வரைக்கும். எஞ்சினை மிச்சம் பிடிச்சு ஓட்டணும்னு."

"எதனால வந்துச்சு?"

"அந்த ரோட்டுல ஒரு எஞ்சின் திரும்பத் திரும்ப எல்லை மீறிச் சூடாகியிருக்கு. அங்க வண்டிங்க வர்றதே கம்மி. அதனால அந்த ஒரு வண்டி சொன்னதே எல்லாத்துக்கும் பாடமாயிடுச்சு."

"எந்த வண்டி?"

"அதைச் சொல்லக் கூடாது." நிரஞ்சனா திரையில் எதையோ படித்தாள். "ஆனா விசித்திரமா இருக்கு. மெதுவாவும் ஏறியிருக்கு, ஒண்ணும் ஆகல. சில தடவை மட்டும் வெறி பிடிச்ச மாதிரி ஏறியிருக்கு. அதுவும் முக்கால்வாசி ராத்திரியில. மழையில. முழு பாரத்தோட. யாரோ பந்தயம் விட்டிருக்காங்க போல."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மங்கை ஃபோன் பக்கம் திரும்பினாள்.

"பந்தயம் இல்லம்மா," என்றாள். "அது நான்தான்."

வேலு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"வலி வந்த பொண்ணை வெச்சுக்கிட்டு மெதுவா போக முடியுமா? ஒவ்வொரு தடவையும் பின்னாடி ஒருத்தி கெடந்தா. கூட அவ அம்மா, புருஷன், மாமியா. நான் மிதிச்சு ஏறியிருக்கேன். அது எப்படிச் சூடானாலும் பரவாயில்லன்னு மிதிச்சிருக்கேன். அந்தக் குழந்தைங்க எல்லாம் இப்ப பால்வாடிக்குப் போகுதுங்க. வண்டிக்கு அதெல்லாம் தெரியாதாம்மா?"

நிரஞ்சனா கண்ணாடியைக் கழற்றினாள். "எஞ்சின் சூடு மட்டும்தான் அதுக்குத் தெரியும் மேடம். ஏன் சூடாச்சுன்னு கேக்க யாரும் அதுக்குச் சொல்லிக் கொடுக்கல."

"அந்தப் பாடத்தை அழிச்சிடு நிரஞ்சனா," என்றான் வேலு.

"முடியாது. விதி இருக்குங்கறதுக்காகச் சொல்லல. நான் சேர்ந்த புதுசுல ஊர்க்காரங்க கெஞ்சினாங்கன்னு ஒரு பாடத்தை இங்க அழிச்சாங்க. அது நெஜமாவே மோசமான எறக்கம். அடுத்த மழைக்கு ஒரு பஸ் கீழ போயிடுச்சு. அதுக்கப்பறம் மனுஷக் கையால எதையும் அழிக்கிறதில்ல. அது சரின்னுதான் எனக்கும் தோணுது."

பட்டறைக்கு வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துப் போனது. மங்கை ஃபோனுக்கு அருகே குனிந்தாள்.

"அப்ப அது எப்பவுமே மாறாதா?"

"மாறும் மேடம். வண்டிங்களே மாத்தணும். நெறைய வண்டிங்க அந்த ஏத்தத்துல நிதானமா, சூடாகாம ஏறணும். ஒரு வண்டியே பல தடவை ஏறினா பத்தாது, வேற வேற வண்டியா இருக்கணும். அப்ப கொஞ்சம் கொஞ்சமா பயம் தெளியும். ஆனா நடுவுல ஒரு வண்டி சூடானாலும் பின்னாடி போயிடும்."

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது.

வேலு தன் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மலைக்கு எடுத்துப் போனான். சொந்தக்காரர்கள் கேட்டபோது உண்மையைச் சொன்னான். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் தாங்களே குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மங்கை ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் பேசினாள். கூடக்கரைப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக வந்து இறங்கினார்கள். கல்யாணக் கோஷ்டி ஒன்றை வெள்ளையன் உச்சியில் மறித்து, பெண் வீட்டுக்காரர்கள் தனக்குத் தூரத்துச் சொந்தம் என்று சாதித்து, வேன்களை ஊருக்குள் இறக்கிக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

வளைவுகளில் ஊர்க்காரர்கள் நின்றார்கள். வண்டி வந்ததும் கையைக் காட்டி நிறுத்துவார்கள். "எறங்கி நில்லுங்க, ஆறட்டும்." உள்ளே இருப்பவர்களுக்குப் பலாச்சுளை, மோர். எஞ்சின் ஆறியபின் அடுத்த வளைவுக்கு அனுப்புவார்கள். ஒரு காலும் கம்பும் ஊன்றி வந்த குப்பன் நாலாவது வளைவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். பானெட்டைத் தொட்டுப் பார்த்து அவன் தலையசைக்காமல் எந்த வண்டியும் நகரக் கூடாது.

பயம் தெளிவது கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் மூன்றாவது வளைவில் வண்டிகள் நடைவேகத்திலிருந்து ஓட்டவேகத்துக்கு வந்தன. பிறகு நான்காவது. பால் வேன்காரன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து வருவதாகச் சொன்னான். மங்கையின் காரும் எல்லாவற்றோடும் சேர்ந்து பலம் பெற்றது. வலுவான சத்தத்தோடு அது ஐந்தாவது வளைவில் திரும்பியது. அந்த நாட்களில் அவள் ஒருமுறைகூட அவசரமாக ஓட்டவில்லை. ஓட்ட வேண்டிய தேவையும் வரவில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிய வாரத்தில் அந்தத் தேவை வந்தது.

வெள்ளையனின் மகள் பவுனு தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் இன்னும் இருந்தது. மதியம் சோறு வடிக்கும்போது உட்கார்ந்தவள் எழவில்லை. மங்கை பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். வந்து பார்த்ததும் அவள் முகத்தில் எதுவும் காட்டவில்லை. வலி இல்லாமல் ரத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஊரில் வைத்துச் செய்யக்கூடியது எதுவும் கிடையாது. பால் வேன் காலையிலேயே போய்விட்டது. வெள்ளையனின் ஜீப் அன்று கிளம்ப மறுத்தது. ஊரில் இருந்தது அவள் கார் ஒன்றுதான்.

பின் சீட்டில் பவுனுவைப் படுக்கவைத்து, காலடியில் தலையணைகளை அடுக்கி உயர்த்தினார்கள். அவள் அம்மா தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். முன்னால் வெள்ளையன். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

முதல் இரண்டு வளைவுகள் கடந்தன. மூன்றாவது வளைவில் வண்டி தயங்கவில்லை. மங்கை மிதித்தாள். அது கொடுத்தது. இன்னும் மிதித்தாள். இன்னும் கொடுத்தது. சூடு காட்டும் முள் மேலே நகர்ந்தது.

வெள்ளையன் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் அதைப் படிக்க ஊரே கற்றிருந்தது.

"சிஸ்டர்," என்றார். "கொஞ்சம் மெதுவா போங்க."

மங்கை வைப்பரை வேகமாக்கினாள்.

"சிவப்புக்குப் போயிட்டா எல்லாருக்கும் போயிடும் சிஸ்டர். பால் வேனு நின்னுடும். பஸ்ஸு வராது. எம் மகளுக்காக ஊரு மறுபடி..." ஒரு கையைப் பின்னால் நீட்டி மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆற வெச்சு ஆற வெச்சுப் போலாம். அவ தாங்குவா."

"தாங்க மாட்டா," என்றாள் மங்கை. "பேசாம உக்காருங்க."

நாலாவது வளைவில் தென்னங்கீற்றுக் குடிசைக்குள்ளிருந்து குப்பன் கம்பை ஊன்றி எழுந்தான். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கப் போனவன், உள்ளே இருப்பவர்களைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சினுக்கு ஓய்வு தேவை என்று வண்டி தன் மென்மையான பெண் குரலில் சொன்னது. திரும்பத் திரும்பச் சொன்னது. மங்கை வெறுங்காலை எடுக்கவேயில்லை. உச்சியை அடைந்தபோது பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி மழையோடு கலந்து எழுந்தது.

ஊருக்குள் இறங்க இன்னும் துணியாத ஆம்புலன்ஸ், ஃபோனில் சொல்லியிருந்தபடி உச்சியில் தயாராக நின்றது. பவுனுவைத் தூக்கி மாற்றினார்கள். அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் அழுகை பலமாக இருந்தது. பவுனுவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு உயிருக்கும் பயமில்லை என்று டாக்டர் வந்து சொன்ன பிறகுதான், காலில் செருப்பு இல்லாததை மங்கை கவனித்தாள்.

வேலு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவனிடம் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "எல்லாத்தையும் கெடுத்துட்டேன் வேலு."

"மறுபடி ஆரம்பிச்சா போச்சுங்க," என்றான் அவன்.

அரசங்குழிக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை பழையபடி வளைவுகளில் போய் நின்றார்கள். மோர்ப்பானைகள் வந்து சேர்ந்தன. பால் வேன் மூன்றாவது வளைவில் சோர்ந்து நிற்கும், ஓட்டுநரிடம் என்ன சொல்லி அவனை நிறுத்திவைப்பது என்று வெள்ளையன் யோசித்துக்கொண்டிருந்தார்.

பால் வேன் சோரவில்லை. முழுச் சத்தத்தோடு மூன்றாவது வளைவில் திரும்பி, அவரைக் கடந்து, போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு வியாபாரியின் வண்டி. அதுவும் ஏறியது. மதியம் மினி பஸ் உச்சியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பி ஏறியது. முன்பு இருந்ததைவிட எல்லாம் நன்றாக இழுத்தன.

வண்டி ஆறி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டு, மங்கை தன் காரை உச்சியிலிருந்து கூடக்கரைக்கு இறக்கினாள். சமவெளியில், சின்ன மேடுகூட இல்லாத பைபாஸில் அது நடைவேகத்துக்கு வந்தது. மிதித்துப் பார்த்தாள். அசையவில்லை.

வேலு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தான். காற்று, எரிபொருள், பொறி, புகை. அதிகச் சூட்டில் ஏதாவது போயிருக்குமோ என்று ஒவ்வொரு பாகமாகத் துழாவினான். எஞ்சின் திடமாக இருந்தது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு நிரஞ்சனாவைக் கூப்பிட்டான்.

நிரஞ்சனா வெகுநேரம் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி அந்த ரோட்டுல ஒப்பிட்டுப் பாக்கற அளவுக்கு வேற வண்டிங்க இல்ல," என்றாள் மெதுவாக. "அதனால மேடத்தோட வண்டி சூடானப்ப ரோடு மோசம்னு இங்க இருக்கற சிஸ்டம் எடுத்துக்கிச்சு. இப்ப அப்படி இல்ல. எத்தனையோ வண்டிங்க சூடாகாம ஏறியிருக்கு. அதே ரோட்டுல ஒரே ஒரு வண்டி மட்டும் சூடாச்சுன்னா..."

"ரோடு நல்ல ரோடு, வண்டிதான் மோசம்," என்று மங்கை முடித்தாள்.

"ஆமா மேடம். முன்னாடி நீங்க ஏறினதையெல்லாம்கூட அது திரும்ப எடுத்துப் பாத்திருக்கு. எல்லாமே உங்க வண்டியோட கோளாறுன்னு முடிவு பண்ணி, அந்த ரோட்டுப் பாடத்தையே எடுத்துடுச்சு. இனிமே எந்த ரோட்டுலயும் உங்க வண்டிக்குப் பாதிகூடக் கொடுக்காது."

"இது அநியாயம்," என்றான் வேலு. "வண்டியில ஒரு கோளாறும் இல்ல. நான் எழுதித் தர்றேன்."

"மேல்முறையீடு பண்ணலாம். ஜெயிக்கவும் செய்யலாம்." நிரஞ்சனா தயங்கினாள். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வண்டி சரியாத்தான் இருக்குன்னு நிரூபிச்சா, அப்ப ஏன் சூடாச்சுன்னு ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். அந்தக் கேள்வி திரும்ப ரோட்டுக்குத்தான் போகும். ரெண்டும் நல்லதுன்னு ஏத்துக்க அதுக்குத் தெரியாது. மூணாவதா ஒரு காரணம் இருக்க முடியும்னு அதுக்கு இன்னும் யாரும் சொல்லல. சொல்லணும்னு நான் இங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எப்ப நடக்கும்னு தெரியாது."

மங்கை ஸ்டூலிலிருந்து எழுந்து காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஈர இலையை எடுத்துப் போட்டாள்.

"வேணாங்க வேலு," என்றாள். "விடுங்க."

"உங்க கைக்காசு போட்டு வாங்கின வண்டிங்க இது. இனி யாருக்கு விக்கறது? காயலான் கடைக்காரன்கூட யோசிப்பான்."

"எதுக்கு வாங்கினேன்? அந்த ஊருக்கு வண்டி இல்லன்னு வாங்கினேன். இப்ப எல்லா வண்டியும் அங்க போகுதில்ல?" அவள் திரையைப் பார்த்தாள். "நீங்க அந்த மூணாவது காரணத்தைச் சொல்லிக் கொடுக்கற வேலையை விட்டுடாதீங்கம்மா. நான் எதுவும் எழுதித் தரப் போறதில்ல."

நிரஞ்சனா தலையசைத்தாள். அழைப்பைத் துண்டிக்க அவளுக்கு மனமில்லாதது தெரிந்தது.

அதன்பிறகு அவசரம் என்றால் அரசங்குழியில் எந்த வண்டி நிற்கிறதோ அதில் ஏற்றிக் கிளம்பினார்கள். ஆம்புலன்ஸே ஊருக்குள் இறங்கியது. மங்கை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சூட்டு முள்ளைப் பார்த்து எவ்வளவு மிதிக்கலாம் என்று சொன்னாள். அவசரமில்லாத நாட்களில் தன் காரிலேயே போய்வந்தாள். நேரமாகும் என்று முன்னதாகவே கிளம்பிவிடுவாள். கூடக்கரையில் சைக்கிள்காரர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள்.

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் அவள் ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் கேட்டது. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். பால் வேன். அவளுக்குப் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தது. முன் சீட்டில் வெள்ளையன். ஜன்னலோரம் பவுனு. துணிக்குள்ளிருந்து சின்னஞ்சிறு முஷ்டி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சந்தைக்குப் போறோம் சிஸ்டர்," என்று வெள்ளையன் கத்தினார். "வண்டிய ஓரமா விட்டுட்டு வந்து ஏறிக்கங்க. இதுல போனா எப்ப போய்ச் சேருவீங்க?"

"சேந்துடுவேன், நீங்க போங்க," என்றாள் மங்கை. "புள்ளைக்குக் காத்து படுது பாரு பவுனு, காதை மூடு."

பவுனு குழந்தையின் தலையில் துணியை இழுத்துவிட்டாள். வேன் கியர் மாற்றி, உறுமி, முன்னே போய் வளைவில் மறைந்தது. மங்கை ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். வேனின் சத்தம் வளைவுக்கு வளைவு மேலே ஏறிப் போய், எங்கும் குறையாமல் உச்சியைத் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே, மெதுவாக ஓட்டினாள்.